பரணில் கிடைத்த கோலி சோடா பாட்டிலும் ரங்கூன் அஞ்சலட்டையும்: மொத்தமாக விற்பதா, எஃப்.டி.யை உடைத்து இன்னும் வாங்குவதா?

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் பழைய வீட்டை ஒழித்தபோது பரணில் 46 பாட்டில்கள் கிடைத்தன. பாதிக்கு மேல் கோலி சோடா பாட்டில். இரண்டு ஆல்பங்களில் ஏறக்குறைய 180 பட அஞ்சலட்டைகள். ரங்கூன், பினாங்கு, மெட்ராஸ் காட்சிகள். பழம்பொருள் வியாபாரி ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 60,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். நண்பரோ, “தங்கம் மாதிரி ஏறும், விற்காதே, இன்னும் வாங்கிப் போடு” என்கிறார். மகள் கல்லூரிக்குப் போக 8 வருடம் இருக்கிறது. அவளுக்காகப் போட்ட 3 லட்சம் ரூபாய் எஃப்.டி.யை உடைத்து இதில் போடலாமா? அப்பா காலமாகி ஒரு வருடம் ஆகிறது. அம்மாவும் அக்காவும் இருக்கிறார்கள்.

பதில்: எஃப்.டி.யை உடைக்க வேண்டாம். வியாபாரியிடம் மொத்தமாகக் கொடுக்கவும் வேண்டாம். கையில் இருப்பது எந்தக் காலத்துச் சரக்கு என்று உங்களுக்கு இன்னும் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கலாம். 180 அட்டையில் நல்ல விலை போகிற பதினைந்து இருபதுக்கு மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, மீதியைச் சும்மா அள்ளிக்கொண்டு போவதுதான் ‘மொத்த விலை’.

முதலில் எஃப்.டி. கணக்கு. 7% வட்டி, காலாண்டுக் கூட்டு என்று வைத்தால் 3 லட்சம் 8 வருடத்தில் சுமார் 5.23 லட்சம் ஆகும். வட்டிக்கு வரி போனால் கொஞ்சம் குறையும். அதே பணத்துக்குப் பாட்டில் வாங்கி, விற்கும்போது ஏலக்காரருக்கோ இடைத்தரகருக்கோ 20% போகிறது என்றால், கையில் 5.23 லட்சம் நிற்க நீங்கள் சுமார் 6.5 லட்சத்துக்கு விற்றாக வேண்டும். தங்கத்தை எந்த ஊர்க் கடையிலும் அன்றைய விலைக்குக் கொடுக்கலாம். சோடா பாட்டிலுக்கு அப்படிக் கடை இல்லை. அதை விரும்பும் ஆள் கிடைக்கும் அன்றுதான் அதற்கு விலை; கல்லூரிக் கட்டணத்துக்கோ கடைசித் தேதி உண்டு.

இனி பாட்டில்கள். பொதுவாகச் சொல்லப்படும் விதி: பக்கவாட்டில் ஓடும் அச்சுக்கோடு (வார்ப்பச்சின் இரு பாதி சேர்ந்த தடம்) வாய் விளிம்புக்குக் கீழேயே நின்றுவிட்டால் வாய்ப்பகுதி கையால் முடிக்கப்பட்டது, அதாவது பழசு, விளிம்பின் மேல்வரை ஏறினால் இயந்திரத்தில் செய்தது. பாட்டில் செய்யும் ஓவன்ஸ் தானியங்கி இயந்திரம் வந்தது 1903 வாக்கில்தான் என்பதால், மருந்து, மை, சாராய பாட்டில்களுக்கு இந்த விதி ஓரளவு சரிவரும். கோலி சோடா பாட்டிலுக்கு இதை நம்பினால் ஏமாறுவீர்கள். கோலியை உள்ளே போட்ட பிறகுதான் வாயைச் சூடாக்கி இறுக்கி முடிக்க முடியும். அதனால் பிற்காலத்துப் பாட்டிலிலும் கோடு விளிம்புக்குக் கீழேயே நிற்கலாம். 1870களில் லண்டனில் ஹைரம் காட் காப்புரிமை பெற்ற இந்த வடிவத்தை உத்தரப் பிரதேசத்தின் சாஸ்னியில் நம் காலத்திலும் செய்துவந்திருக்கிறார்கள். கழுத்தில் இரண்டு கிள்ளு, நடுவில் கோலி இருக்கிறது என்பதாலேயே அது நூறு வருடப் பாட்டில் ஆகிவிடாது.

கோலி பாட்டிலின் வயதை எழுத்துதான் சொல்லும். இருட்டறையில் பாட்டிலைப் படுக்கவைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் படமெடுங்கள். தேய்ந்த புடைப்பு எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். அடியிலோ அடியை ஒட்டிய பக்கத்திலோ இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரும் அங்கே பாட்டில் செய்த டான் ரைலண்ட்ஸ் பெயரும் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். மெட்ராஸ், மதுரை, ரங்கூன் என்று சோடா கம்பெனியின் பெயரும் ஊரும் சேர்ந்து வந்தால் அதற்கு உள்ளூர் மதிப்பு உண்டு. எழுத்தே இல்லாத பாட்டிலுக்கு அலங்கார விலைதான். பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தையது. விலை நயா பைசாவில் இருந்தால் 1957க்குப் பிந்தையது. மில்லிலிட்டர் அளவும் மெட்ரிக் முறை வந்த பிறகானதே. அடிவளையத்தைத் தடவிப் பாருங்கள்: பல வருடம் பெட்டியில் உரசிய கீறல்கள் ஆழத்திலும் திசையிலும் தாறுமாறாக இருக்கும், எல்லாம் ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாளின் வேலை. ஆழ்ந்த ஊதா நிறத்துக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். மாங்கனீசு கலந்த பழைய கண்ணாடி வெயிலில் மெல்ல இளம் ஊதாவாகும் என்பது உண்மைதான். ஆனால் திராட்சைச் சாறு போன்ற அடர் ஊதா பெரும்பாலும் கதிர்வீச்சால் ஏற்றியது.

கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போதும், உள்ளே ஒரு பிடி அரிசி போட்டுச் சுழற்றலாம். ஆசிட் வேண்டாம், கொதிநீர் வேண்டவே வேண்டாம். வாயின் உட்பள்ளத்தில் கருகிய ரப்பர் வளையம் இருந்தால் நோண்டாதீர்கள். உதடு சிதறினால் பாதி மதிப்பு போயிற்று.

அட்டைகளில்தான் உங்கள் பணம் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு அட்டைக்கும் இரண்டு வயது: அச்சான வருடம், தபாலில் போன வருடம். 1905இல் அச்சானதை 1920இல் அனுப்பியிருப்பார்கள். முத்திரைத் தேதி படிக்க முடியாவிட்டால் தபால்தலையில் ராஜா முகத்தைப் பாருங்கள். ஏழாம் எட்வர்டு என்றால் 1902க்குப் பின், ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1911க்குப் பின், ஆறாம் ஜார்ஜ் என்றால் 1937க்குப் பின். ரங்கூன் அட்டைகளில் இன்னொரு வசதி: 1937 ஏப்ரல் 1இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதுவரை அங்கே ஓடியது இந்தியத் தபால்தலை. அதன் பிறகு அதே தலையில் ‘பர்மா’ என்று மேலச்சு விழுந்தது. தலையைக் கிழிக்கவோ ஆவியில் உரிக்கவோ கூடாது. முத்திரையோடு சேர்ந்த அட்டைக்குத்தான் விலை.

பின்பக்கத்தில் நடுக்கோடு இல்லாமல் முகவரிக்கு மட்டும் இடம் விட்டு, சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தால் அது மிகப் பழசு. பிரிட்டன் 1902இல் பின்பக்கத்தைச் சேதிக்கும் முகவரிக்குமாகப் பிரிக்க அனுமதித்தது. மற்ற நாடுகள் சில வருடங்களில் தொடர்ந்தன. ‘சாக்சனியில் அச்சானது’, ‘ஜெர்மனியில் அச்சானது’ என்றிருந்தால் பெரும்பாலும் 1914 போருக்கு முந்தையது. வெளியிட்டவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்: ரங்கூனில் அஹுஜா, மெட்ராஸில் ஹிக்கின்பாதம்ஸ், வீல் அண்ட் க்ளைன், கொழும்பில் பிளாடே. படத்தில் உள்ள கட்டடமும் சாட்சி சொல்லும். எழும்பூர் ரயில் நிலையம் இருந்தால் 1908க்கு முன் இல்லை, ரிப்பன் மாளிகை இருந்தால் 1913க்கு முன் இல்லை. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசி மெட்ராஸ் எண்ணெய்த் தொட்டிகள் எரியும் படம் இருந்தால் 1914 செப்டம்பர் 22க்குப் பின். அதைத் தனி உறையில் வையுங்கள்.

மறுஅச்சைப் பிடிக்க 10 மடங்கு லென்ஸும் புற ஊதா டார்ச்சும் வேண்டும். அக்காலத்து நல்ல அட்டைகள் பல கொலோடைப் (collotype) என்ற அச்சு முறையில் அச்சானவை. லென்ஸில் புள்ளி வரிசை இராது, சுருங்கிய தோல் போல நுண்ணிய நெளிவு தெரியும். புள்ளி இருந்தாலே போலி என்று தள்ளாதீர்கள், அந்தக் காலத்திலும் புள்ளி அச்சு இருந்தது. இருட்டில் டார்ச் அடித்ததும் அட்டை நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அது பழைய அட்டை அல்ல, சந்தேகமே வேண்டாம்: அப்படி ஒளிரவைக்கும் வெளுப்பு ரசாயனம் காகிதத்தில் பரவலானது 1950களை ஒட்டித்தான்.

விலையில் படத்தின் பொருள்தான் முதல். கோயில் கோபுரம் ஆயிரக்கணக்கில் அச்சாயிற்று. கடைத்தெரு, தொழிலாளர், துறைமுகக் கூலிகள், சின்ன ஊர் ரயில் நிலையம் இவற்றுக்குத் தேடுபவர் அதிகம். மூலை மடிந்தாலும் செலோடேப் ஒட்டினாலும் விலை சரியும். ஆல்பத்திலிருந்து வெளியே எடுத்தவற்றை பாலிப்ரொப்பிலீன் உறையில் வையுங்கள், பி.வி.சி. உறை நாளாக ஆகப் பிசுபிசுத்துக் காகிதத்தைக் கெடுக்கும்.

ஒரு நோட்டில் எண் போட்டு 46ஐயும் 180ஐயும் முன்பின் படத்தோடு பதிந்த பிறகு, தேறுகிற 20 அட்டையை மட்டும் மூன்று வியாபாரிகளிடம் தனித்தனியாக விலை கேளுங்கள். வெளிநாட்டு இணைய ஏலத்தில் போடும் ஆசை வரும். நூறு வருடம் கடந்த கலை, கைவினைப் பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது; மீறினால் சிறைத்தண்டனை வரை போகும். தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்று இல்லாமல் எதையும் தபாலில் வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள்.

வரி விஷயம் சிக்கல்தான், பயப்படும்படி இல்லை. சொந்த உபயோகப் பொருள் மூலதனச் சொத்தில் சேராது, விற்றால் ஆதாய வரியும் இல்லை. ஆனால் தொல்பொருள் தொகுப்பும் கலைப்பொருளும் சேரும். உங்கள் ஆல்பம் எந்தப் பக்கம் என்று வாதாடலாம். தொகை பெரிதானால் மூலதன ஆதாயமாகக் காட்டிவிடுவதே என் யோசனை. முன்னோர் வைத்திருந்த காலமும் சேருவதால் இது நீண்டகால ஆதாயம், வரி 12.5%. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதென்றால் அன்றைய சந்தை மதிப்பையே அடக்கவிலையாகக் கொள்ளலாம். அடக்கம் பூஜ்யம் என்றே வைத்தாலும் 60,000க்கு 7,500 ரூபாய், செஸ் தனி. வாங்கி விற்பதையே தொடர்ந்து செய்தால் அது வியாபார வருமானம். பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள்.

அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், இந்துக் குடும்பம் என்றால், அவருக்குச் சொந்தமானதில் அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. அக்காவுக்குத் தெரியாமல் ஒரு பாட்டிலைக்கூட விற்காதீர்கள். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அம்மாவும் அக்காவும் கையெழுத்துப் போடட்டும். வியாபாரி திரும்ப வந்து, “ஆல்பத்தைக் கொடுங்கள், வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்றால், உங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.