சிவப்பு என்ன சுவை?

வணக்கம் சார்,

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகள் ரெட் வெல்வெட் என்ற தென்கொரியப் பாப் குழுவின் ‘ரெட் ஃப்ளேவர்’ பாட்டு வீடியோவை வீட்டில் ஓயாமல் ஓடவிடுகிறாள். அதில் ஒவ்வொரு பழத்துக்கும் ரகசிய அர்த்தம் இருக்கிறதாம். யூடியூபில் அரைமணி நேர விளக்கங்கள் வேறு. எனக்கோ பழமுதிர் நிலையத்தில் ஐந்து பெண்கள் ஆடுவது போலத்தான் இருக்கிறது. குறியீடு என்று உண்மையிலேயே ஏதாவது உண்டா?

எம்.

அன்புள்ள எம்.,

யூடியூப் விளக்கங்களைவிட உங்கள் பழமுதிர் நிலையம் அந்த வீடியோவுக்கு நெருக்கமானது.

2017 ஜூலையில் வந்த பாட்டு. கோடைப் பாட்டென்றால் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவது கொரியாவிலும் வழக்கம்தான். இது கடலை நம்பவில்லை. தட்டையான அடர்நிறங்கள், பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒட்டியது போன்ற பழத்துண்டுகள், செட். வெயிலைக் காட்டாமல் வெயிலில் நாக்கு எதைக் கேட்குமோ அதைக் காட்டுகிறார்கள். கொரியத் தலைப்பு ‘பால்கான் மாத்’, அதாவது சிவப்புச் சுவை. இனிப்பு, புளிப்பு என்று சொல்லவில்லை, பாருங்கள். நிறத்துக்கு ஏது சுவை? பார்த்ததும் வாயில் ஊறவைக்க வேண்டும். பழங்களுக்கு அதுதான் வேலை.

குழுவின் ஐவரில் ஐரீனுக்குத் தர்பூசணி, ஸுல்கிக்கு அன்னாசி, வெண்டிக்கு ஆரஞ்சு, ஜாய்க்கு கிவி, யெரிக்குத் திராட்சை. ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே ஒரு நிறம் உண்டு. ஜாய்க்குப் பச்சை, அதனால் கிவி. யெரிக்கு ஊதா, அதனால் திராட்சை. வெண்டிக்கு நீலம். புளூபெர்ரியை விட்டால் நீலத்தில் என்ன பழம் இருக்கிறது? ஆரஞ்சைக் கொடுத்துவிட்டார்கள். இதில் போய் ரகசியம் தேடுவானேன்!

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பாட்டின் பெயரிலேயே சிவப்பு. ஆனால் இந்த ஐந்தில் வெளித்தோல் சிவந்த பழம் ஒன்றுகூட இல்லை. தர்பூசணியை அறுத்தால்தான் சிவப்பு.

குறியீடு வேண்டுமென்றால் வீடியோவை விட்டுவிட்டு 2018 ஏப்ரல் 1-க்குப் போகலாம். தென்கொரியக் கலைக்குழுவோடு இவர்கள் கம்யூனிஸ்ட் வடகொரியாவின் தலைநகர் பியோங்யாங் போய், அந்நாட்டுத் தலைவர் கிம் ஜோங் உன் உட்கார்ந்திருந்த அரங்கில் இதே பாட்டைப் பாடினார்கள். (ஜாய்க்குப் படப்பிடிப்பு இருந்ததால் நான்கு பேர்தான். கிவி போகவில்லை!) தென்கொரியாவில் கம்யூனிஸ்டுகளைத் திட்டும் வசைச்சொல்லே சிவப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். அந்தத் தெற்கிலிருந்து வந்து, அந்த ஊரில் நின்று, சிவப்பு என்ன சுவையோ என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார்கள்.

மகளிடம் சொல்லிப் பாருங்கள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும்.