தங்க ரேக்கின் ஊர்

கேள்வி: ஜப்பானில் கோயில்களுக்கும் கலைப்பொருள்களுக்கும் ஒட்டும் தங்க ரேக்கு கனாசவா என்னும் ஒரே நகரிலிருந்து வருகிறதாமே, உண்மையா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: உண்மைதான், ஜப்பானின் தங்க ரேக்கில் ஏறத்தாழ 99 விழுக்காடு அங்கேதான் தயாராகிறது. ஜப்பான் கடலோரத்தில், சாய், அசனோ என்ற இரு ஆறுகளுக்கு நடுவிலுள்ள மேட்டில் கோட்டையும் அதைச் சுற்றி ஊருமாக வளர்ந்த கனாசவாவில் இன்று சுமார் நாலரை இலட்சம் பேர் வாழ்கின்றனர். 1583இல் அங்கு வந்து அப்பகுதியை ஆண்ட மயேதா பிரபுக் குடும்பத்தினர், பெரும் நெல் வருவாய் இருந்தும், பின்னர் ஜப்பான் முழுவதையும் ஆண்ட தோகுகவா ஆட்சியாளரின் சந்தேகத்துக்கு ஆளாகாதிருக்கப் படைபலத்தைப் பெருக்காமல் கைவினைகளையே பேணி வளர்த்தார்கள். அரசியல் அச்சம் கலைக்கு உரமான விந்தை இது! எடோவிலிருந்து (இன்றைய தோக்கியோ) ஆண்ட அந்தத் தோகுகவா அரசு வெளியூர்களில் ரேக்கு அடிப்பதைத் தடை செய்த காலத்திலும் இங்கே அது மறைவாகத் தொடர்ந்தது. ஈரக்காற்றும் துணை நின்றது. வறண்ட காற்றில் ரேக்கு எளிதில் ஒட்டிக்கொண்டு கிழிந்துவிடும். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனமே உள்ள தகட்டை விரலால் தொட இயலாது என்பதால், மூங்கில் இடுக்கியால் எடுத்து, மெல்ல வாயால் ஊதிச் சுருக்கம் நீக்குகிறார்கள். 2015இல் தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயில் வந்த பிறகு, நகருக்கு வரும் பயணிகளும் பெருகிவிட்டனர். ரேக்கு போர்த்திய ஐஸ்கிரீம்கூட அங்கே கிடைக்கிறது.