முதன்முதலாகச் சந்தித்த இடத்துக்கு வருடா வருடம் போகும் தம்பதிகள் உண்மையிலேயே இருக்கிறார்களா?

மனைவி கூப்பிடுகிறார், எனக்கு அது சினிமாத்தனமாகத் தெரிகிறது என்றும் கேள்வியில் சேர்த்திருக்கிறீர்கள்.

இருக்கிறோம். கடலூரில் நானும் எங்கள் வீட்டுக்காரரும். சில்வர் பீச்சில், 2001-ல் தொடங்கியது. நடுவில் ஒரே ஒரு வருடம்தான் விட்டிருக்கிறோம்.

உங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் இருக்கும், சென்னையிலோ பெங்களூரிலோ வேலை, லீவு கிடைப்பது பெரும்பாடு என்று நினைக்கிறேன். ‘சினிமாத்தனம்’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இதே சொல்லை என் நாத்தனார் பத்துப் பேர் நடுவில் என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். பணம் இருப்பவர்கள் செய்கிற வேலை என்று யாராவது சொன்னால், எங்களுக்கு ஆகும் செலவு கொஞ்சம் பெட்ரோலும் அரைக் கிலோ வெல்லமும்தான்.

வெல்லம் எதற்கு என்று சொல்கிறேன். இருவரும் மஞ்சக்குப்பத்தில் ஒரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்தோம். 2001 டிசம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை, மார்கழித் திருவாதிரை. பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே தோழி வீட்டுக்கும் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். தோழிக்குக் கொடுக்கச் சொல்லி அம்மா ஒரு எவர்சில்வர் டப்பாவில், வெல்லம் போட்டுக் கிண்டிய திருவாதிரைக் களி வைத்துக் கொடுத்தார். அது பீச்சுக்குப் போனது. டேட்டிங் என்ற சொல்லெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது. இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடைவெளி விட்டு மணலில் உட்கார்ந்தோம். டப்பா மூடியில் அவருக்குக் களி வைத்தேன். “நெய் நிறைய போட்டிருக்காங்க” என்றார். வேறு என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. அப்போது கடலுக்குள் தூரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. படகில் நெருப்புப் பிடித்துவிட்டது என்று பயந்து எழுந்தே விட்டேன். “நிலாங்க, பௌர்ணமி” என்றார். அன்று ‘ங்க’ போட்டுத்தான் பேசினார்.

2003-ல் கல்யாணம். அதற்கு முன்பும் பின்பும் டிசம்பர் 30 வந்தால் போய்விடுவோம். 2004-ல் மட்டும் போகவில்லை. நாலு நாள் முன்பு, 26-ஆம் தேதி, சுனாமி தேவனாம்பட்டினத்தை அடித்திருந்தது. அந்த மணலில் போய் உட்கார மனசு வரவில்லை. நாங்கள் வழக்கமாகச் சுண்டல் வாங்கும் அம்மாவை அதற்கப்புறம் பார்க்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கு இருந்தது. அவருக்குத் தேதிதான் கணக்கு, எனக்கு நட்சத்திரம். மார்கழியில் திருவாதிரையும் பௌர்ணமியும் ஒட்டித்தான் வரும், அதனால் திருவாதிரையன்று போனால் பொழுது சாயும்போது நிலா இருக்கும். டிசம்பர் 30-ஐப் பிடித்துக்கொண்டு போனால் பல வருடம் இருட்டைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். அவரோ, “தேதின்னா தேதி, பிறந்த நாளை மாத்துவோமா?” என்பார். விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

2011-ல் ‘தானே’ புயல் கரையைக் கடந்ததே டிசம்பர் 30 காலையில்தான். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே. புதுப்பாளையத்தில் ஓட்டு வீட்டில் இருந்தோம். ராத்திரி முழுக்க ஒவ்வொரு ஓடாகப் போகும் சத்தம். குழந்தையைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்திருந்தேன். விடிந்து பார்த்தால் தெருவே இல்லை, மரம்தான் கிடந்தது. சாயங்காலம் அவர் மெதுவாக, “இன்னைக்குத் தேதி முப்பது” என்றார். அடிபம்பிலிருந்து எட்டாவது குடம் தூக்கி வந்த நேரம். நான் கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது.

மறுநாள் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஆள் வந்து சொன்னார், மாமாவின் கொல்லை போய்விட்டது என்று. ஒன்றரை ஏக்கர் முந்திரி, நாலு பலா, எல்லாம் வேரோடு. ஒன்று சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர் பட்டா யார் பேரில் என்று கேட்டார். மாமாவின் அப்பா பேரில் இருந்தது. விழுந்த மரம் கண்ணெதிரே கிடக்கிறது, எழுபது வயது மனிதர் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார், பட்டியலில் பேர் இல்லை. பக்கத்துக் கொல்லைக்காரருக்கு வந்தது. மாமா எத்தனையோ முறை அலைந்தார். ஒரு பலா வைத்துக் காய்க்க எத்தனை வருடம் ஆகும்? மாமா இப்போது இல்லை. இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து பட்டாவைப் பெரியவர்கள் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். 2012 ஜனவரி 8, ஞாயிறு. எங்கள் தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. காலையில் காலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். “இன்னைக்குத் திருவாதிரை. உன் கணக்குப்படி இன்னைக்குத்தான்” என்றார். பத்து வருடத்தில் முதல் தடவை.

மிக்ஸி ஓடாது. பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் வறுத்து, பக்கத்து வீட்டு உரலில் இடித்து ரவையாக்கினேன். தேங்காயைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை, எங்கள் வாசலில் விழுந்த மரத்திலேயே குலை இருந்தது. மட்டையை அவர்தான் உரித்தார், கை கிழிந்தது. ஏழுகறிக் கூட்டுக்குக் காய் கிடைக்கவில்லை, பூசணி மட்டும். நெய் கால் கரண்டி.

பீச்சில் போய் உட்கார்ந்தபோது வெளிச்சம் இருக்கும்போதே நிலா ஏறியிருந்தது. இருட்டிய பிறகு திரும்பிப் பார்த்தால் எங்கள் தெருப் பக்கமெல்லாம் ஒரே கறுப்பு. மூடியில் களி வைத்துக் கொடுத்தேன். வாயில் வைத்தவர் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார். கொல்லைக்குப் போய் மாமாவைப் பார்த்துவிட்டு வந்த நாளில்கூட அவர் அழவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

சாமிக்குப் படைத்ததைப் பீச்சுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வீட்டில் படைத்த பிறகுதான் டப்பாவில் போடுகிறேன்.

அன்றிலிருந்து திருவாதிரைதான். 2025-ல் அது ஜனவரி 13, போகியன்று வந்தது. வீடு முழுக்கப் பாத்திரமும் பழந்துணியும் இறைந்து கிடந்தது, இந்த வருடம் வேண்டாம் என்று நானே சொன்னேன். அவர் ஏற்கெனவே வெல்லம் வாங்கி வந்து அடுப்பு மேடையில் வைத்திருந்தார்.