15 ஆண்டுகளில் கல்லறையே போய்விடுகிறது, கடவுளை எப்படி நம்புவது?

உங்கள் நம்பிக்கை போய்விடவில்லை. அப்பாவின் கல்லறையைத் தோண்டப்போகிறார்கள் என்ற கடிதம் வந்ததிலிருந்து ஜெபிக்க வாய் வரவில்லை என்கிறீர்களே, அது துக்கம், அவிசுவாசம் அல்ல.

எனக்குப் படும் காரணம் இது. சிங்கப்பூரின் சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்தில் 15 ஆண்டுகள்தான் இடம் என்பது 1998இல் வந்த விதி, உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் மனம் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டது. கல் போகிறது என்றதும் கடவுளே கைவிட்டதுபோல் இருக்கிறது. என் பாட்டியைப் பிடாடாரி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்திருந்தோம். 2001க்குப் பிறகு அங்கே தோண்டினார்கள். அவ்வளவு பெரிய மனுஷி ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிட்டார். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள், சன்னலுக்கு வெளியே துணி காயும் கழிகள். எனக்குக் கோபம்தான் வந்தது. பாட்டியோ, உயிரோடிருந்தவரை, "இன்றைய பொழுதுக்கு நன்றி ஆண்டவரே" என்பதற்கு மேல் எதுவும் கேட்டதில்லை.

ஒரு வாரம் அப்படிச் செய்துபாருங்கள். நாளையைப் பற்றிப் பேசாமல், அன்றைக்கு மட்டும் ஜெபியுங்கள். வாய் திறந்தால், உங்கள் பிணக்கு கடவுளோடு அல்ல.

நான் போதகர் அல்லன். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லையென்றால் ஜெபத்தோடு நிறுத்தாமல் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். நள்ளிரவில் தாங்க முடியாவிட்டால் 1767 என்ற மனநெருக்கடி உதவி எண்ணை அழையுங்கள். தோண்டும் நாளன்று தனியாகப் போகாதீர்கள், தம்பியையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.