கமராவைத் தூக்க முதல் மெஷினுக்குப் பின்னால பாருங்கோ

கடிதம்:

வணக்கம் அண்ணா, நான் இரத்மலானைப் பக்கம் ஒரு பிஸ்கட் ஃபக்டரியில மெயின்டனன்ஸ் வேலை செய்றன். எங்கட மெஷின் எல்லாம் பழசு, ஒண்டும் நெட்வேர்க்கில இல்லை. போறணைச் சூடு, தராசு நிறை, கொம்ப்ரெஸர் பிரஷர் எல்லாத்தையும் மணித்தியாலத்துக்கு ஒருக்கா பிள்ளைகள் கொப்பியில எழுதுவினம், பின்னேரம் ஒஃபிஸில ஒராள் எக்ஸல்ல அடிப்பார். கனக்கப் பிழை. ஃபோனால படமெடுத்தா நம்பர் தானா ஏறுற மாதிரி ஒரு ஆப் செய்யச் சொல்லி முதலாளி நிக்கிறார். ஃப்ளோரில வைஃபை இல்லை. பிள்ளைகள் சும்மா நம்பர் எழுதுகினம் எண்டும் அவருக்குச் சந்தேகம். இது சரிவருமா?

பதில்:

அன்புள்ள தம்பி, சரிவரும். ஆனா படமெடுக்கிறதில இருந்து தொடங்காதேங்கோ. நம்பர் மெஷினுக்குள்ள ஏற்கனவே நம்பராத்தான் இருக்கு, அதை வெளிச்சமாக்கி, வெளிச்சத்தைப் படமாக்கி, படத்தைத் திருப்பி நம்பராக்கினா ஒவ்வொரு இடத்திலயும் பிழை புகும். வயரால எடுக்க ஏலுமெண்டா வயரால எடுங்கோ, ஏலாத இடத்துக்கு மட்டும் கமரா.

முதல்ல தராசு. நிறை காட்டுற பெட்டிக்குப் பின்னால ஒன்பது பின் உள்ள ஒரு போர்ட் கனக்க தராசில இருக்கும், பிரிண்டர் பூட்டுறதுக்கெண்டு வைச்சது, ஒருத்தரும் தொடாம தூசி பிடிச்சுக் கிடக்கும். அது ஆர்எஸ் 232, வயரால எழுத்தை ஒவ்வொண்டா அனுப்புற பழைய வகைப் போர்ட். அதால நிறை எழுத்தாவே வெளிய வரும், பல தராசுகளில ஒவ்வொரு வரியிண்ட தொடக்கத்திலயும் எஸ்டி இல்லாட்டி யூஎஸ் எண்டு ரெண்டு எழுத்து நிக்கும், எஸ்டி எண்டா நிறை அசையாம நிண்டிட்டுது, யூஎஸ் எண்டா இன்னும் ஆடுது. அவசரத்தில ஆடுற நம்பரை எழுதிப்போடுறது யாருக்கும் நடக்கும், ஃபோன் எஸ்டி வரியை மட்டும் எடுத்தா அந்தப் பிழை அதோட முடிஞ்சுது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில யூஎஸ்பி சீரியல் வயரும் (அந்தப் போர்ட்டை யூஎஸ்பியா மாத்துறது) ஓடிஜி வயரும் (ஃபோனில யூஎஸ்பி சாமான் பூட்டுறது) கேட்டுப் பாருங்கோ. 2011இல வந்த ஆண்ட்ராய்ட் 3.1இல இருந்தே ஃபோனில இப்பிடி யூஎஸ்பி சாமான் பூட்ட வசதி இருக்கு, ஆனா எல்லா ஃபோனிலயும் வேலை செய்யாது, அதால பூட்டிப் பார்த்திட்டுக் காசு குடுங்கோ. எழுத்து அனுப்புற வேகத்தை தராசில இருக்கிற அதே அளவுக்கு வைக்கோணும், கனக்க இடத்தில செக்கனுக்கு 9600 பிட், பிழையா வைச்சா குப்பை எழுத்துத்தான் வரும்.

போறணைக் கன்ட்ரோலர் கொஞ்சம் வேற. பக்கத்தில ஒட்டியிருக்கிற லேபிளைப் பார்த்து ஆர்எஸ் 485 எண்ட வயர் இணைப்பு உள்ள மொடலா எண்டு பாருங்கோ, இருந்தா பெரும்பாலும் மொட்பஸ் கதைக்கும், அது ஃபக்டரி மெஷின்கள் ஒண்டோட ஒண்டு கதைக்கிற மொழி. அது 1979இல வந்தது, இண்டைக்கும் ஓடுது, ஆனா பாஸ்வேர்ட் எண்டு ஒரு சாமான் அதில கிடையாது. அதில கட்டளைகளுக்கு இலக்கம் இருக்கு, ஃபங்ஷன் 3 வாசிக்கும், ஃபங்ஷன் 6 எழுதும். உங்கட ஆப்பில 6 இருக்கவே கூடாது, தெரியாம ஒரு நம்பர் எழுதுப்பட்டா போறணையிண்ட செட்டிங்கே மாறிப்போகும், இதில விளையாட்டு வேண்டாம் தம்பி. சாதாரண ஓடிஜி வயர் போட்டா ஃபோன் சார்ஜ் ஏறாது, அதால நாள் முழுக்கப் பூட்டி வைக்கிற இடத்துக்கு ஈஎஸ்பி32 போல ஒரு சின்ன கொம்பியூட்டர் போர்டைப் போட்டு அது வாசிச்சுச் சேர்த்து வைக்கட்டும், பிள்ளை ஃபோனோட அந்தப் பக்கம் போகேக்க புளூடூத்தால அள்ளிக்கொள்ளலாம். கரண்ட் போய் வந்தா அந்த போர்டுக்கு நேரம் மறந்துபோகும், பற்றரி போட்ட கடிகாரச் சிப் ஒண்டும் சேருங்கோ.

போர்ட் இல்லாத மெஷினுக்குத்தான் கமரா. சிவப்பு எல்இடி இலக்கங்கள் கனக்க மெஷினில ஒண்டு மாறி ஒண்டாத்தான் எரியுது, கண்ணுக்கு முழுசாத் தெரியும், ஷட்டர் வேகமெண்டா பாதி இலக்கம் படத்தில விழாது, அதால ஷட்டர் வேகத்தைக் குறைச்சு ஃபோனை ஒரு ஸ்டாண்டில வையுங்கோ. புள்ளி மங்கினா 18.5 எண்டது 185 ஆகும், ஒரு கோடு செத்தா 8 எண்டது 6 ஆகும். அப்ப ஆப் தானே யோசிச்சுத் திருத்தக் கூடாது. முந்தின றீடிங்கில இருந்து திடீரெண்டு பாய்ஞ்சா நிப்பாட்டிக் கேக்கோணும், பிள்ளை பார்த்துச் சரி சொல்லோணும், படமும் சேர்ந்து சேமிக்கப்படோணும், வயரால வந்ததா, படத்தால வந்ததா, கையால அடிச்சதா எண்டு ஒவ்வொரு றீடிங்கிலயும் குறி இருக்கோணும். கொம்ப்ரெஸரிண்ட முள்ளு மீற்றருக்கு கமராவே வேண்டாம், பக்கத்தில ஒரு கியூஆர் ஒட்டுங்கோ, ஸ்கேன் பண்ணினா எந்த மெஷின், எத்தனை மணி எண்டது தானா ஏறும், பிரஷரை மட்டும் பிள்ளை அடிக்கட்டும்.

வைஃபை இல்லாதது பெரிய தடை இல்லை. ஃபோன் தனக்குள்ளயே எழுதி வைச்சு ஒஃபிஸ் பக்கம் வரேக்க அனுப்பட்டும். ஒவ்வொரு றீடிங்குக்கும் ஃபோனே ஒரு தனி அடையாளம் குடுக்கோணும், பதில் வராம ரெண்டாம் தரம் அனுப்பினா ஒஃபிஸில வாங்கிச் சேமிக்கிற சேர்வர் அதே அடையாளத்தைக் கண்டு ரெண்டாவதை விட்டிடும். றீடிங்கில போடுற நேரம் அதை எடுத்த நேரமா இருக்கோணும், அனுப்பின நேரமில்லை. ஒஃபிஸில பழைய விண்டோஸ் எக்ஸ்பி கொம்பியூட்டர் இருந்தா அதிண்ட டைம் ஸோனையும் பாருங்கோ, 2006 ஏப்ரலில இலங்கை நேரம் திரும்ப கிரீன்விச் நேரத்துக்கு 5.30 மணித்தியாலம் முன்னுக்கு வந்தது, அப்டேட் போடாதது இன்னும் 6 மணித்தியாலத்திலயே நிக்கும், கணக்கெல்லாம் அரை மணி தள்ளிப்போகும்.

முதலாளியிண்ட சந்தேகத்தைப் பற்றி. ஒரு பிள்ளை கையில வேலையோட நிண்டுகொண்டு, இவ்வளவு மெஷினையும் சுத்திப் பார்த்து எழுதோணும் எண்டா சில றீடிங் ஞாபகத்தில இருந்துதான் வரும், அதைப் பொய் எண்டு சொல்றது அநியாயம், வேலையை அப்பிடி வைச்சது நிர்வாகம். ஆளைப் பிடிக்கிறதுக்கெண்டு இந்த ஆப்பைச் செய்தா மெஷினைப் பற்றி ஒருத்தரும் உண்மை சொல்ல மாட்டினம். எந்த டிஸ்ப்ளேயில எந்தக் கோடு எரியிறதில்லை, எந்த மீற்றர் தட்டினாத்தான் அசையும் எண்டு அவைக்குத்தான் தெரியும், ஆப்பில ஒரு வரி எழுத முதல் அவையிட்ட இருந்து கேளுங்கோ. திரை சிங்களத்திலயும் தமிழிலயும் இருக்கட்டும்.

முதல் மாதம் தராசை மட்டும் செய்யுங்கோ, கொப்பியையும் நிப்பாட்ட வேண்டாம், ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. தராசிண்ட பின்பக்கத்தையும் கன்ட்ரோலர் லேபிளையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கோ, மொடல் நம்பர் தெரிஞ்சா எந்த வயர் எடுக்கிறதெண்டு பார்த்துச் சொல்றன்.