தெர்மாகோல் நுரைப் பலகையில் பாலியெஸ்டர் ரெசினை ஏன் பூசக்கூடாது?

வீட்டுக் கராஜில் அலைச்சறுக்குக்கான சர்ஃப் பலகையையோ, அடியில் நீருக்குள் இயங்கும் இறக்கை பொருத்திய ஃபாயில் பலகையையோ பழுதுபார்க்கும் பலருக்கும் எழும் கேள்வி இது. ரெசின் என்பது, கடினமாக்கி சேர்ந்ததும் இறுகி, கண்ணாடியிழைத் துணியை நுரையோடு பிணைக்கும் பிசின். பாலியெஸ்டர் ரெசினை இளக வைக்கும் திரவம் ஸ்டைரீன். அதன் நெடியே கராஜ் முழுவதும் பரவுகிறது. நாம் தெர்மாகோல் என்று அழைக்கும் நுரையும் அதே ஸ்டைரீன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து உருவான பாலிஸ்டைரீன்தான் என்பதால், இனம் இனத்தோடு சேர்வதுபோல் நுரை அத்திரவத்தில் கரைந்து குழி விழுகிறது. சர்க்கரை தண்ணீரில் கரைந்தாலும் எண்ணெயில் கரையாததைப் போல, பலகைகளில் பயன்படும் மற்றொரு வகையான பாலியூரித்தேன் நுரை ஸ்டைரீனில் கரையாமல் நிற்கிறது.

உடைந்த இடத்தில் சிறு மணிகள் தெரிந்தால் அது தெர்மாகோல் வகை. ஆனால் மணிகளே தெரியாத பாலிஸ்டைரீன் நுரையும் உண்டு. ஆகவே ஐயம் இருந்தால் பாலிஸ்டைரீன், பாலியூரித்தேன் என இரு வகை நுரைக்கும் பொருந்தும் வேறொரு ரெசினான எபாக்சியையே எடுப்பது நல்லது, அது இறுகச் சற்று நேரம் பிடித்தாலும்.

வெயிலில் சில நிமிடங்களில் இறுகும் பாலியெஸ்டர் ரெசினை மெல்லியதாகப் பூசினால் நுரை தப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இறுகுவதற்கு முன்பே, தொட்ட கணத்திலிருந்தே ஸ்டைரீன் நுரையைக் கரைக்கத் தொடங்கிவிடுகிறது.