சென்னைப் புறநகரில் குடும்பத்தோடு குடியேற எப்படி இடம் பார்ப்பது?

புறநகர் என்பது நகரத்தை ஒட்டி, பிழைப்புக்கு நகரத்தை நம்பி வளர்ந்த பகுதி. தாம்பரம், ஆவடி மாதிரி. பள்ளி, ரயில் நிலையம் எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும், சரி. ஆனால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். இங்கே பல நகர்கள் வயலிலும் ஏரிக்கரையிலும் எழுந்தவை. இலையில் ஊற்றிய ரசம் போல மழைநீரும் பள்ளம் தேடித்தான் ஓடும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது, அதை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. ஐப்பசி, கார்த்திகையில் நேரில் போங்கள். காம்பவுண்டு சுவரில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம், கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள். தரகரைவிட அவர் சொல்வதை நம்பலாம்.

‘அரசு அப்ரூவல் வாங்கிய மனை, வெள்ளம் வராது’ என்று பலர் நினைக்கிறார்கள். அப்ரூவல் அதற்கு உத்தரவாதம் இல்லை.